ஊசிக்கல்மேட்டு ஆடுகளைக் கலந்தபடியே விடுவிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
1. பாவாயி, மேற்குத் தெரு
2. சென்னியம்மாள், கிழக்குத் தெரு
ஊசிக்கல்மேடு கிராமம், மேச்சேரி வழி, சேலம் ஜில்லா.

பெறுநர்:
மகாராஜராஜஸ்ரீ சப்-கலெக்டர் துரையவர்கள் சமூகம்.

விஷயம்: சமாதானக் கமிட்டியார் தயவால் மாட்டுப் பவுண்டில் அடைபட்டிருக்கும் எங்கள் செம்மறிகளைத் தெருவாரியாகப் பிரிக்காமல் விடுவிப்பது பற்றி.

கனம் பொருந்திய துரையவர்களே,

1. எங்கள் ஊரில் தெரு இரண்டு, மாரியம்மன் ஒன்று. அம்மன் திருவிழாவான நோம்பியில் எந்தத் தெரு மாவிளக்கு முன்னால் போவது என்று ஆறு வருஷத்துக்கு முன் ஆண்கள் அரிவாள் எடுத்தார்கள். முதல் மனுதாரரின் புருஷன் வெள்ளியங்கிரியும் இரண்டாம் மனுதாரரின் மூத்த மகன் வேலுமணியும் வெட்டுப்பட்டார்கள். அச்சு முறியாத வண்டி அன்று ஊரில் ஒன்றுதான் இருந்தது. இருவரையும் அதிலேயே ஒன்றாகக் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், ஒன்றாகவே பிணமாகக் கொண்டுவந்தோம்.

2. மறு கோடையில் பெண்கள் நாங்களாக ஒரு ஏற்பாடு செய்தோம். அறுவடைக்குப் பின் எருவுக்காகப் புன்செய்க் காட்டில் ஆட்டுப்பட்டி போடுவது எல்லா ஊரிலும் உண்டு. அவரவர் ஆடு அவரவர் காட்டில். எங்கள் ஊரில் மட்டும் மேற்குத் தெரு ஆடுகள் கிழக்குத் தெருக் காட்டிலும், கிழக்குத் தெரு ஆடுகள் மேற்குத் தெருக் காட்டிலும் ராத்தங்கின. இருட்டில் கல்லெறிந்தால் சொந்த ஆட்டின் மண்டைதான் உடையும். சினையாட்டைப் பார்க்கப் போகிறவன் எதிர்த்தெரு வழியாகத்தான் போகவேண்டும். போனால் தண்ணீர் கேட்கவேண்டும், கேட்டால் கொடுக்கவேண்டும். ஆண்களிடம் இதைச் சமாதானம் என்று நாங்கள் சொல்லவில்லை, எரு என்றுதான் சொன்னோம். சமாதானம் என்றால் அதற்குத் தலைவர் யார் என்று கேட்பார்கள்.

3. இப்படியிருக்க, சென்ற தை மாதம் எங்கள்மேல் இரக்கங்கொண்டு ஒரு சமாதானக் கமிட்டி ஏற்படுத்தப்பட்டது. மேற்குத் தெரு காளியப்பன் அவர்கள் பிரசிடெண்டு; கிழக்குத் தெரு சென்னிமலை அவர்கள் வைஸ் பிரசிடெண்டு. அன்று அரிவாள் எடுத்துக் கொடுத்த அனுபவம் இருவருக்கும் உண்டு. யார் நாற்காலி சக்கரவர்த்தி படத்துக்குப் பக்கத்தில் இருப்பது என்பதில் முதல் கூட்டம் முடிந்தது. இரண்டாம் கூட்டத்தில்தான், ஐந்து வருஷமாக ஆடுகள் தப்பான காட்டில் படுத்திருப்பதைக் கண்டு, ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதையாக மனம் வருந்தி, இன்ஸ்பெக்டரை வரவழைத்தார்கள்.

4. அவர் கிழக்குக் காட்டில் நின்ற ஆடுகளின் காது வெட்டு அடையாளத்தைப் பார்த்து, யாருடையவை என்று கேட்டார். காவலிருந்த இரண்டாம் மனுதாரர், "எல்லாம் நம்மளுதுங்க சாமி" என்றார். உடைமைக்காரர் விளங்கவில்லை என்று எழுதிக்கொண்டு, இரண்டு காட்டு ஆடுகளையும் பவுண்டுக்கு ஓட்டிப்போனார். தெருவாரியாகப் பிரித்து எடுத்துக்கொண்டு, இனி சொந்தக் காட்டிலேயே பட்டி போடுவதாகக் கையொப்பமிட்டால் விடுவாராம். ஆண்கள் தயார். ஆடுகளோ நாங்கள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த சீர். ஆகையால் கைநாட்டு எங்களுடையதாக இருக்கவேண்டும். அதற்கு வைக்கமாட்டோம்.

5. அடுத்த வாரம் நோம்பி. காடு காலியானதிலிருந்து ராத்திரியில் கல் விழுகிறது. முதல் மனுதாரரின் மகன் அரிவாள் தீட்டுகிறான். இரண்டாம் மனுதாரரின் இளையவனும் தீட்டுகிறான். ஊரில் நல்ல சாணைக்கல் ஒன்றே இருப்பதால் முறைவைத்துத் தீட்டுகிறார்கள். கமிட்டி ஏற்பட்டபின் கண்ட ஒற்றுமை இதுதான். எங்களுக்குப் பயமாக இருக்கிறது.

6. ஆகவே, நோம்பிக்கு முன் ஆடுகளைக் கலந்தபடியே விடுவித்து, எதிர்த்தெருக் காடுகளில் பட்டி போட உத்தரவு தரவேண்டும். சட்டம் இடங்கொடாவிட்டால், ஆடுகளுக்குப் பதிலாக பிரசிடெண்டு அவர்களைக் கிழக்குக் காட்டுப் பட்டியிலும், வைஸ் பிரசிடெண்டு அவர்களை மேற்குக் காட்டுப் பட்டியிலும் நோம்பி முடியும்வரை ராத்தங்கச் செய்யவேண்டும். தழை, தண்ணீர் நாங்கள் வைக்கிறோம்.

அதுவும் ஆகாதென்றால், அச்சு முறியாத வண்டி ஒன்றை நோம்பியன்று அனுப்பிவைக்கக் கோருகிறோம். எங்களுக்கு மிச்சமிருப்பது ஆளுக்கொரு மகன். இருவரையும் கிடத்த ஒரே வண்டி போதும், எங்களுக்குப் பழக்கம்தான்.

ஊசிக்கல்மேடு
ஈஸ்வர வருஷம் பங்குனி 14
(27-3-1938)

இங்ஙனம்,
பாவாயி, இடதுகைப் பெருவிரல் ரேகை
சென்னியம்மாள், இடதுகைப் பெருவிரல் ரேகை

இருவரும் சொல்லச் சொல்ல எழுதியவன்: மேச்சேரி குமாரசாமி, இரண்டு தெருவையும் சேராதவன்.