எந்தச் சுவரை எடுக்கலாம்?

786
கெலமங்கலம்
4.3.1984

அன்பு மூர்த்தி,

வெட்கக்கேட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாத ஹாலை இருப்பதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

நம் சபீஹாவுக்கு நிச்சயம் பேசக் கிருஷ்ணகிரி போயிருந்தோம். சம்பந்தி ரசூல் சாயபு தன் மாங்காய் மண்டி எவ்வளவு அகலம் என்று அரைமணி நேரம் பேசினார். எனக்குப் பொறுக்கவில்லை. "எங்க ஊட்டு ஹால்லயே நூறு பேரு உக்காந்து நிக்காஹ் பாக்கலாங்க" என்று விட்டேன். "அப்ப அங்கயே வெச்சுக்கலாம்" என்று மனுஷன் ஏப்ரலில் தேதியும் குறித்துவிட்டார். இந்தச் சைக்கிள் கடைக்காரன் வாயில் ஆண்டவன் காற்றடிக்கிற பம்ப்பை வைத்துவிட்டான் போலிருக்கிறது.

இந்த வீட்டை நீ பார்த்ததில்லை; நீ வடக்கே போன பிறகு வாங்கியது. உள்ளே இரண்டு சுவர்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கின்றன. ஏதாவது ஒன்றை எடுத்தால் ஹால் வந்துவிடும். எதை எடுப்பது? மேஸ்திரி வெங்கடப்பன், "பாய், எத வேணும்னாலும் ஒடைக்கலாம். நின்னா நிக்கிது, உளுந்தா புதுசா கட்டித் தரேன்" என்கிறான். உடைக்கிற சுவரின் செங்கல் மேஸ்திரிக்கு என்பது இங்கே வழக்கம். என் வீட்டை நம்பி அவன் மச்சான் அஸ்திவாரமே தோண்டிவிட்டானாம். வீட்டுக்காரி குல்ஷனைக் கேட்டால், "ஹால் இல்லன்னு சொல்லியிருந்தா நாக்கு தேஞ்சா போயிரும்?" என்கிறாள். அது இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

நீ நாக்பூரில் பாலமே போடுகிறவன். வீட்டை வரைந்து, அளவெல்லாம் குறித்து இத்துடன் வைத்திருக்கிறேன். கோடு கொஞ்சம் ஆடியிருக்கும், கண்டுகொள்ளாதே. எந்தச் சுவரை எடுக்கலாம் என்று மட்டும் எழுது. கூரை என் மகள் தலையில் விழக்கூடாது, அவ்வளவுதான்.

உன்
லால் பாஷா

*

நாக்பூர்
13.3.1984

அன்புள்ள பாஷாவுக்கு,

உன் படத்தைப் பார்த்த பக்கத்து மேசைக்காரர் இது குழந்தை வரைந்ததா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

கவனமாகப் படி. கான்கிரீட் தளத்துக்குள் கம்பி எந்தப் பக்கமாக ஓடுகிறதோ அந்தப் பக்கமாகத்தான் பாரம் போகும். கம்பிக்குக் குறுக்கே நிற்கிற சுவர் பாரத்தைச் சுமக்கும். கம்பியோடு சேர்ந்து ஓடுகிற சுவர் பெரும்பாலும் மறைப்புத்தான். உன் அளவுகளைப் பார்த்தால், கிழக்கு மேற்காக ஓடும் சுவர் மறைப்பு. அதை எடுக்கலாம். வடக்கு தெற்காக ஓடும் சுவரின் மேல்தான் தளம் உட்கார்ந்திருக்கிறது. அதில் ஆணிகூட அடிக்காதே. உடைக்கும்போது தளத்துக்கு முட்டுக் கொடுத்துக்கொள்.

மேஸ்திரிகள் சொல்வதைக் கேட்டு எதையும் செய்யாதே. கல்யாணத்துக்கு நிச்சயம் வருகிறேன். சபீஹா நடக்கப் பழகும்போது பார்த்தது.

அன்புடன்
மூர்த்தி

*

786
கெலமங்கலம்
25.3.1984

அன்பு மூர்த்தி,

சுவர் போயிற்று. நீ சொன்னபடி கிழக்கு மேற்காக ஓடியதை எடுத்தாயிற்று. "அதையும் எடுத்தா இன்னும் காத்து வரும் பாய்" என்று வெங்கடப்பன் இன்னொன்றையும் ஏக்கமாகப் பார்த்தான். உன் கடிதத்தை விரித்துக் காட்டினேன். தமிழ் படிக்கத் தெரியாது என்றான். எனக்கென்னவோ அன்றைக்கு மட்டும்தான் தெரியாது என்று நினைக்கிறேன். செங்கல் மாட்டுவண்டியில் மச்சான் வீட்டுக்குப் போய்விட்டது.

ஹால் என்றால் அப்படி ஒரு ஹால். கிப்லாச் சுவர் முழுசாக ஒரே நீளத்துக்குத் தெரிகிறது. நான் அனுப்பிய காகிதத்தில் மேல் ஓரத்தில் இருக்குமே, அதுதான். நிக்காஹ் ஓதுகிற ஹஜ்ரத்தையும் மாப்பிள்ளையையும் அங்கே உட்கார வைத்துவிட்டு, பெண்டுகளை மொட்டை மாடிக்கு ஏற்றிவிடலாம் என்று திட்டம். முட்டுக் கொடுத்த தைலமரக் கம்புகளை வெங்கடப்பன் வேறு வேலைக்கு எடுத்துப் போய்விட்டான். தளம் அசையாமல் நிற்கிறது. பாலம் போடுகிறவன் சிநேகிதம் இருந்தால் எவ்வளவு நிம்மதி பார்.

உன்
லால் பாஷா

*

நாக்பூர்
31.3.1984

பாஷா,

என் தந்தி கிடைத்திருக்கும். ஹாலில் யாரும் படுக்கக்கூடாது. மாடிக்கு ஒருவரும் ஏறக்கூடாது.

காகிதத்தின் மேல் ஓரம் கிப்லாவா? கிப்லா என்றால் நீங்கள் தொழுகிற திசை, மேற்கு அல்லவா? படத்தில் மேலே இருப்பது வடக்கு என்று படித்தேன். படித்ததையே இத்தனை வருஷமும் செய்து வந்திருக்கிறேன். உன் படத்தையும் அப்படித்தான் பார்த்தேன்; இரண்டு சுவரும் திசை மாறிவிட்டன. நான் தொடாதே என்று நினைத்த சுவரைத்தான் நீ எடுத்திருக்கிறாய். நான் சொல்லித்தான் எடுத்தாய். வடக்கு எது என்று ஒரு வார்த்தை உன்னைக் கேட்டிருக்கலாம்.

சுவர் இருந்த இடம் முழுக்க நான்கடிக்கு ஒரு முட்டு நிறுத்து. கல்யாணம் முடிந்தபின் அங்கே இரும்பு உத்தரம் போட ஓசூரில் ஒரு நல்ல இன்ஜினியரைப் பார். என்னைக் கேட்காதே.

நான் கல்யாணத்துக்கு வரவில்லை. அந்தக் கூரைக்குக் கீழே குழந்தை உட்கார்ந்திருக்கும்போது நான் எந்த முகத்தோடு நிற்பது? இரண்டு நாளாக நான் கையெழுத்துப் போட்ட பாலங்களின் படங்களை எடுத்து வடக்கு அம்புக்குறியைத் தேடிக்கொண்டிருக்கிறேன். எல்லாவற்றிலும் இருக்கிறது. இருந்தும் மனசு கேட்கவில்லை. மேலதிகாரியிடம் வேறு பிரிவு கேட்டிருக்கிறேன்.

மூர்த்தி

*

786
கெலமங்கலம்
16.4.1984

அன்பு மூர்த்தி,

கூரை விழவில்லை. இதை முதலில் படித்துவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு வா.

நீ கேட்டாயே, கிப்லா ஏன் மேலே என்று. எங்கள் வீட்டில் காகிதத்தில் எதை வரைந்தாலும் அப்படித்தான். காலடியில் வைக்க முடியுமா? உலகம் முழுக்க வடக்கை மேலே வைக்கிறதென்று நீ எழுதித்தான் தெரிந்துகொண்டேன். அங்கே அப்படி என்ன இருக்கிறது?

சபீஹாவின் நிக்காஹ் நன்றாக நடந்தது. ஹால் நிறைய முட்டு. எல்லாவற்றுக்கும் கலர் காகிதம் சுற்றினேன். ரசூல் சாயபு வாசலிலேயே நின்றுவிட்டார். "என்ன பாய், ஊட்டுக்குள்ளயே தைலத் தோப்பு வெச்சிருக்கீங்க?" "ஓசூர்ப் பக்கம் இப்ப இதுதாங்க பேஷன்" என்றேன். நம்பிவிட்டார். மாப்பிள்ளை ஒரு முட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து சம்மதம் சொன்னதில், சொன்னது அவர்தானா என்று சாட்சிகளுக்குச் சந்தேகம் வந்து, எட்டிப் பார்க்கச் சொல்லி மறுபடி கேட்டார்கள். மாடிக்குப் போக முடியாத கோபத்தில் பெண்கள் என்னோடு பேசவில்லை. நான் மட்டும் சாப்பிடாமல் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மகளைப் பிரிகிற துக்கம் என்று எல்லோரும் தேற்றினார்கள்.

மூர்த்தி மாமா ஏன் வரவில்லை என்று சபீஹா கேட்டாள். லீவு கிடைக்கவில்லை என்றேன். அடுத்த மாதம் மாப்பிள்ளையும் அவளும் இங்கே வருகிறார்கள். நீயும் வா. வேறு பிரிவு கேட்டாயே, அதை முதலில் வாபஸ் வாங்கு.

உன்
லால் பாஷா

பி.கு.: இதை உனக்கு எழுத வேண்டாம் என்கிறாள் குல்ஷன். இந்த வீட்டை எனக்கு விற்ற சரோஜம்மாள் விருந்துக்கு வந்திருந்தார். முன்னால் இங்கே மெஸ் நடத்தியவர். முட்டுகளைப் பார்த்து என்னவென்று கேட்டார், சொன்னேன். கை கழுவிக்கொண்டே அவர் சொன்னது: நான் எடுத்த அந்தச் சுவர், தளம் போட்டு ஏழெட்டு வருஷம் கழித்து, சாப்பிட வருகிறவர்களுக்கு அடுப்பு தெரியாமலிருக்க அவர் எழுப்பியதாம். சுவருக்கும் தளத்துக்கும் நடுவே நாலு விரல் சந்து விட்டுப்போனதால், பழைய நியூஸ் பேப்பரைச் சுருட்டி அடைத்துச் சுண்ணாம்பு அடித்தார்களாம்.