கடலில் எழுந்த கரை

அன்புத் தம்பி ஆல்சிட்டுக்கு,

அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணினால் பொறுத்துக்கொள். வெள்ளம் வடிந்ததும் நானும் அப்பாவும் இறால் பிடிக்கப் போனோம். ஆறு கலக்கும் இடத்தைத் தாண்டி, நடுக்கடலில் படகு தரைதட்டியது!

"எவன்டா இங்க மண்ணக் கொட்டினது?" என்று கத்திக்கொண்டே அப்பா குதித்தார். தண்ணீர் கணுக்காலளவுதான். நம் லூசியானாவில் கடல் நிலத்தைத் தின்பதைத்தான் பார்த்திருக்கிறோம்; நம் வீட்டையும் அதுதானே தின்றது. இங்கே ஆறு வண்டல் கொண்டுவந்து புதுநிலம் எழுப்பியிருக்கிறது. சற்றுத் தள்ளி, மேடான இடத்தில் வில்லோ மரக்கன்றுகள்கூட முளைத்துவிட்டன.

நீ அப்பாவோடு சண்டையிட்டு ஹூஸ்டன் நகரத்துக்குப் போன நாளிலிருந்து உன் பெயரையே எடுக்காத மனிதர், சேற்றில் நின்று சிரித்தார். "இங்க ஒண்ணும் மிஞ்சாதுன்னு சொன்னான்ல ஆல்சிட்? வந்து பாக்கச் சொல்லு. இதுக்கு அவனே பேரு வைக்கட்டும்."

உன் ரப்பர் பூட்ஸைக் கழுவிப் படகில் வைத்துவிட்டேன்.

சேறு காயாத கையோடு,
உன் அக்கா