லார்ஸின் பேரனைத் தேடியவருக்கு

அண்ணை,

குளிர் தொடங்கிவிட்டது என்று இன்று காலை கம்பளிக் கோட்டை எடுத்து உதறினேன். உள் பையிலிருந்து ஒரு வெள்ளைப் பருத்திக் கையுறை விழுந்தது. ஒற்றைக் கையுறை, இடது கைக்கானது. மூக்கில் வைத்துப் பார்த்தால் வெங்காயம் மணந்தது. திருடவில்லை. உங்கள் வீட்டில் கழற்ற மறந்து, கையோடு வந்ததை நாளைக்குக் கொடுக்கலாம் என்று பையில் வைத்ததுதான்.

மெடல்களைத் தொடும்போது போட்டுக்கொள் என்று நீங்கள் தந்தது. "வெங்காயக் கையோட தொடாதய்யா. கை உப்புப் பட்டா வெண்கலம் கறுத்துப் போயிடும்" என்பீர்கள்.

"மெடலில இருக்கிற ராசாவின்ர முகம் ஏற்கெனவே கறுத்துத்தான் கிடக்கு அண்ணை. எங்கட ஊர் வெயிலுக்க நெல்லு வெட்டினவரோ?"

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு பூதக்கண்ணாடிக்குள் குனிந்துவிடுவீர்கள். தோள் மட்டும் குலுங்கும்.

தொண்ணூற்றுமூன்றில் நான் தனியாக இந்த நியூசிலாந்தில் வந்து இறங்கியபோது, மவுண்ட் ஆல்பர்ட்டில் உங்கள் பழைய மரவீட்டின் பின் அறையில் வாடகைக்கு இருந்தேன். நீங்கள் திருச்சிக்காரர், நான் சாவகச்சேரிக்காரன். நான் 'ஓம்' என்றால் "என்னய்யா, பூசை ஆரம்பிச்சிட்டியா?" என்பீர்கள். நீங்கள் 'ஆமா' என்றால் "எங்கை ஆமை?" என்று மேசைக்குக் கீழே தேடுவேன். விடிந்தால் நான் புக்கெகோஹிக்கு, வெங்காயம் பொதி கட்டுகிற ஷெட்டுக்கு. நீங்கள் ஆஸ்பத்திரிக்கு, ரத்தம் சோதிக்கிற அறைக்கு. மாலையில் உங்கள் குசினி மேசையில் சந்திப்போம். அண்ணி காப்பி வைக்க இடமில்லாமல் மெடல்கள் பரந்து கிடக்கும்.

டென்மார்க், சுவீடன், நார்வே என்று வடக்குக் குளிர் நாடுகளின் பழைய பட்டாள மெடல்கள். மவுண்ட் வெல்லிங்டன் பக்கத்துப் பழைய சாமான் கடைகளில் பொறுக்கியவை. அந்த நாட்டு அலுவலகங்களுக்குக் கடிதம் எழுதி, இது யாருக்குக் கொடுத்தது என்று கேட்பதுதான் உங்கள் பொழுதுபோக்கு. ஏன் இந்தப் பைத்தியம் என்று ஒரு நாள் கேட்டேன்.

"இங்கிலீஷ்காரன் மெடல் விளிம்புலயே பேரை வெட்டிக் கொடுத்துடுவான். அதுல நமக்கென்ன வேலை? இவங்க நிறைய மெடல மொட்டையாக் கொடுத்திருக்காங்க. யார் நெஞ்சுல இருந்ததுன்னு தேடணும்ல?" என்றீர்கள். பிறகு குரலைத் தாழ்த்தினீர்கள். "லேப்ல பேர் ஒட்டாத குப்பி வந்தா கொட்டிடுவோம்யா. அதான் சட்டம். அதுவும் ஒருத்தர் ரத்தம்தானே? வீட்டுக்கு வந்தா, இதையாவது கொட்டாம இருக்கேன்."

அன்றைக்கு நான் உங்களைச் சிரிக்க வைக்கப் பகிடி விடவில்லை. மறுநாள் சேர்த்து விட்டேன்.

பெயர்த் தொல்லை என்றால் என்னுடையதைவிடவா? எங்கள் வழக்கப்படி தகப்பன் பெயரை முன்னால் போட்டு, கந்தையா தர்மலிங்கம் என்று படிவத்தில் எழுதினேன். தர்மலிங்கம் நான். கந்தையா என் அப்பா. இந்த நாட்டில் முன்னால் நிற்பதுதான் ஆளின் பெயர். ஷெட்டில் முதல் நாளே கந்தையாவைச் சுருக்கி 'கேண்டி' ஆக்கிவிட்டார்கள். மிட்டாய்! ஆயுசுக்கும் சிரித்தறியாத என் அப்பாவை, "மிட்டாய், அந்த மூட்டையைத் தூக்கு" என்று மேற்பார்வைக்காரன் கத்துவான். அப்பா தன் வீட்டிலேயே ஒரு வெங்காயத்தைக் குனிந்து எடுத்தவரில்லை.

பிறகு மனைவியும் மகளும் வந்தார்கள். நாங்கள் இரண்டு தெரு தள்ளி வீடு எடுத்துப் போனோம். மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது மொழிபெயர்க்க நீங்கள்தான் வந்தீர்கள். அவளுக்கும் தகப்பன் பெயர் முன்னால் நின்றதால், ஆறு வயதுப் பெண்ணைத் 'தர்மலிங்கம்' என்று கூப்பிட்டார்கள். மனைவிக்கு அவளுடைய அப்பா பெயர். ஒரே நாளில் என் வீட்டில் எல்லோருக்கும் ஒரு தலைமுறை வயது கூடிவிட்டது. மூன்று பேருக்கும் கடைசிப் பெயர் மூன்று விதமாக இருப்பதைக் கண்ட அந்த அலுவலகப் பெண், நான் வளர்ப்புத் தகப்பனா என்று மெல்லக் கேட்டாள். மொழிபெயர்க்க வந்த நீங்கள் கதிரையில் உட்கார்ந்தபடியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்களே தவிர, மொழிபெயர்க்கவில்லை.

அந்த வருஷம்தான் மிஸ் லார்சன் வந்தார். பின்தெருக்காரர், கலியாணம் கட்டாதவர், எண்பது தாண்டியவர். பழைய புகையிலைத் தகரம் ஒன்றைத் திறந்து, சிவப்பும் வெள்ளையுமாய் ரிப்பன் கிழிந்த ஒரு வெண்கல மெடலை உங்கள் மேசையில் வைத்தார். டென்மார்க் தோற்றுப்போன ஒரு போரில் நின்றவர்களுக்குப் பின்னாளில் கொடுத்தது என்று நீங்கள் பார்த்த உடனே சொன்னீர்கள். 1864 என்று அதிலேயே எழுதியிருந்தது. பெயர் மட்டும் இல்லை.

அவருடைய தாத்தா நீல்ஸ், தாய் தகப்பன் சகோதரர்களோடு கப்பலேறி இந்த நாட்டுக்கு வந்தவராம். சின்னப் பேத்தியை மடியில் வைத்து, பனியில் விடிய விடிய நடந்து பின்வாங்கிய கதையைச் சொல்வாராம். அவர் கண்ணை மூடியதும் குடும்பத்தில் வேறு கதை வந்தது. தாத்தா போருக்கே போகவில்லை, மெடலைச் சாராயக் கடையில் ஒரு நிசமான சிப்பாயிடம் ஒரு கூஜா பீர் கொடுத்து வாங்கினார் என்று. ஹாமில்டனில் இருக்கும் அவருடைய தம்பி ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பாராம்.

"மெடல் எனக்கு வேண்டாம். அவர் என்னிடம் பொய் சொன்னாரா என்று மட்டும் தெரிய வேண்டும்" என்றார் அந்த அம்மா. நீங்கள் இங்கிலீசில் கேட்டதை எனக்குத் தமிழில் சொன்னபோது உங்கள் குரலும் கொஞ்சம் மாறித்தான் இருந்தது.

அந்த மெடலை விண்ணப்பம் எழுதிக் கேட்டவர்களுக்குத்தான் கொடுத்தார்களாம். விண்ணப்பங்கள் கோபன்ஹேகனில் கட்டுக் கட்டாக இருக்கின்றனவாம். நீல்ஸ் லார்சன், இன்ன ஊர், இப்போது நியூசிலாந்து என்று கடிதம் போட்டீர்கள். பதில் வந்தது. நீல்ஸ் லார்சன்கள் பலர் உண்டு. அந்த ஊர்க்காரர் ஒருவரும் இல்லை. அவர்களில் நியூசிலாந்திலிருந்து எழுதியவரும் இல்லை.

அதை அந்த அம்மாவுக்கு நீங்கள் சொன்ன விதம் என் கண்ணுக்குள் நிற்கிறது. ரத்தப் பரிசோதனை முடிவு சொல்வது போல நிமிர்ந்து, தெளிவாக, ஒரு சொல் கூடாமல் குறையாமல். பெயரும் ஊரும் ஒத்துவரவில்லை, ஆகவே இது உங்கள் தாத்தாவுடையது அல்ல. லேபில் அதுதானே சட்டம்? குப்பியும் சீட்டும் பொருந்தாவிட்டால் கொட்டிவிட வேண்டும்.

அந்த அம்மா அழவில்லை. "அப்படியானால் என் தம்பி சொன்னதுதான் சரி" என்று எழுந்து, கைப்பையை எடுத்துக்கொண்டு போனார். தகரத்தை எடுக்கவில்லை.

அது உங்கள் மேசையிலேயே கிடந்தது. நாலைந்து நாள் கழித்து அண்ணி எனக்குப் போன் போட்டார். "தம்பி, வந்து ஏதாவது பேசுங்க. தட்டுல கையே வைக்க மாட்டேங்கறார். அந்த டப்பாவையே பாத்துக்கிட்டு உட்கார்ந்திருக்கார்."

வேலை உடுப்போடு வந்தேன். சோறு ஆறிக்கொண்டிருந்தது. நான் என்ன சொன்னாலும் நீங்கள் நிமிரவில்லை. உங்கள் திருச்சியைத் திட்டினேன், எடுபடவில்லை. சரி, மெடலையே பிடிப்போம் என்று தொடங்கினேன்.

"அண்ணை, இந்த 'சன்' எண்டால் என்ன?"

"மகன். லார்சன்னா லார்ஸ் மகன். இப்ப எதுக்கு?"

"அப்ப நீல்ஸின்ர தேப்பன் லார்ஸோ?"

"இல்ல. ஆண்டர்ஸ். அவங்க குடும்ப பைபிள்ல ஆண்டர்ஸ் லார்சன்னு எழுதியிருக்கு."

"அப்ப லார்ஸ் ஆர்?"

"ஆண்டர்ஸோட அப்பா. உசிர வாங்காதய்யா."

"பேரனைப் பிடிச்சு மகன் எண்டு தேடினால் அந்தாள் எப்பிடியண்ணை கையைத் தூக்கும்? பாவம், 'நான் ஆண்டர்ஸின்ர மகன், என்னைக் கூப்பிடேல்லை' எண்டு வரிசையில பேசாமல் நிண்டிருக்கும்!"

"அங்க சட்டம் போட்டு குடும்பப் பேர நிரந்தரமாக்கிட்டாங்கப்பா. அதுக்கப்புறம் அப்பன் பேரு மகனுக்கு மாறாது."

"சட்டம் போட்டால்? என்ர பேர் கேண்டி எண்டுதான் இந்த நாட்டுச் சட்டம். என்ர மனிசி அப்பிடிக் கூப்பிடுறாளோ?"

நீங்கள் சிரிப்பீர்கள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. கையிலிருந்த பூதக்கண்ணாடியை மெல்லக் கீழே வைத்தீர்கள். என் முகத்தையே பார்த்தீர்கள். எனக்குப் பயமாகப் போய்விட்டது.

"நீல்ஸ் ஆண்டர்சன்" என்றீர்கள், யாரையோ கூப்பிடுவது போல. பிறகு, "அடப்பாவி. கிராமத்துல பழைய வழக்கத்தை எவன் விட்டான்? பட்டாளத்துல அப்படியே பேர் கொடுத்திருப்பான். கப்பல்லதான் எவனோ மொத்தக் குடும்பத்தையும் அப்பன் பேருக்குப் பின்னாடி இருந்தத வச்சு லார்சன்னு எழுதித் தள்ளியிருக்கான்!" எழுந்து காகிதம் தேடப் போனீர்கள். அண்ணி பின்னாலேயே தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினார். நின்றபடி இரண்டு வாய் தின்றீர்கள்.

இரண்டாவது கடிதத்துக்குப் பதில் வர ஏழு கிழமை, இரண்டு மாதம் மட்டில் ஆனது. அந்த ஏழு கிழமையும் நீங்கள் தபால்காரனைக் காதலியைப் போலப் பார்த்திருந்தீர்கள். பெரிய உறை ஒன்று வந்தது. உள்ளே பழைய விண்ணப்பத்தின் பிரதி. நீல்ஸ் ஆண்டர்சன். அந்த ஊர். பைபிளில் இருந்த அதே பிறந்த நாள். கீழே, இங்கே அந்தக் குடும்பம் காடு வெட்டிக் குடியேறிய இடத்தின் பெயர். தன் ராசாவுக்கு எழுதும்போது, பட்டாளத்தில் இருந்த பெயரில்தான் மனிதன் எழுதியிருக்கிறான்.

அந்தச் சனிக்கிழமை இரண்டு பேரும் பின்தெருவுக்கு நடந்தோம். நீங்கள் கோட்டு, டை. நான், பயத்தில் நீங்கள் எங்காவது விழுந்தால் பிடிக்க. அந்த அம்மா கதவைத் திறந்ததும் வணக்கம்கூடச் சொல்லாமல் நீங்கள் சொன்ன முதல் வார்த்தை: "நான் உங்களிடம் தவறாகச் சொல்லிவிட்டேன்." இங்கிலீசு எனக்கு அவ்வளவு தெரியாதுதான். அது விளங்கியது. அதுவரை நீங்கள் எதிலும் பிழை ஒப்புக்கொண்டு நான் கேட்டதில்லை. சாம்பாரில் உப்புக் கூடினாலும் உப்பின் பிழை என்பவர்.

அந்த அம்மா உட்காரவில்லை. பிரதியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, கையெழுத்தைப் பார்த்தார். தாத்தா தன் கைப்பட எழுதியிருந்த பைபிளைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். 'N' என்ற எழுத்தின் கடைசிக் கோடு இரண்டிலும் வால் போல மேலே சுழித்திருந்தது. அதை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு நேராகப் போய்ப் போனை எடுத்தார்.

"ஜார்ஜ்," என்றார் தம்பியிடம், "உன் பீர்க் கதை இன்றோடு முடிந்தது. இனிமேல் கிறிஸ்மஸுக்கு வேறு கதை தேடிக்கொள்." அந்தப் பக்கம் என்னவோ கேட்டது. "இல்லை, நான் குடிக்கவில்லை. என் வீட்டில் இரண்டு நிபுணர்கள் இருக்கிறார்கள்!" என்று கத்திவிட்டுப் போனை வைத்தார். அதற்குப் பிறகுதான் அழுதார். அழுதுகொண்டே ஸ்கோன் பன் சூடாக்கினார். சர்க்கரை வியாதிக்காரர் நீங்கள், ஜாம் வைத்து மூன்று தின்றீர்கள். அண்ணிக்கு இன்றுவரை நான் சொல்லவில்லை.

போன ஆகஸ்டில் நெஞ்சுவலி வந்து, ஆம்புலன்சுக்கு முந்தியே நீங்கள் போய்விட்டீர்கள். பலர் அழுதார்கள், நானும் அழுதேன். ஆனால் அழுது முடிந்து வீட்டுக்கு வந்து படுத்தபோது, மிஸ் லார்சனின் வாசல்தான் நினைவுக்கு வந்தது. சொன்ன சொல்லைத் திருப்பி எடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறீர்கள். அந்த அம்மாவின் முகத்தை நினைத்துக்கொண்டு ஒரு மனக்குறையும் இல்லாமல் போயிருக்கிறீர்கள். அந்த நினைப்பில் எனக்கு நித்திரை வந்தது அண்ணை. பொய் சொல்லவில்லை, குறட்டை விட்டேனாம்.

பொய் என்றதும்தான். மிஸ் லார்சன் வீட்டிலிருந்து திரும்பி நடக்கும்போது, தெருமுனையில் டெய்ரி என்கிற சின்னக் கடைக்கு முன்னால் நின்று கேட்டீர்கள்: "உண்மையச் சொல்லு. அன்னிக்கு நீ கிண்டலுக்குச் சொன்னியா, தெரிஞ்சுதான் சொன்னியா?"

"தெரிஞ்சுதான் அண்ணை. பின்னை?" என்றேன். நெஞ்சை வேறு நிமிர்த்தினேன்.

நீங்கள் அதை நம்பினீர்கள். நம்பினது போதாதென்று ஊரெல்லாம் சொன்னீர்கள். மாதப் பூசைக்குக் கூடும் மண்டபத்தில், பாயாசம் வாங்க வரிசையில் நின்ற சனத்துக்கு முன்னால், "இந்த ஆளு அஞ்சாங்கிளாஸ். நான் கோபன்ஹேகனுக்கு எழுதியும் கண்டுபிடிக்காதத, இங்க உட்கார்ந்தே கண்டுபிடிச்சான்" என்று என் தோளில் தட்டினீர்கள். அன்றிலிருந்து சனம் என்னிடம் பழைய காசு, துருப்பிடித்த பூட்டுத் திறப்பு, பாட்டனின் மோதிரம் எல்லாம் கொண்டுவருகிறது. நானும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, "ம்ம்" என்கிறேன். அந்தப் பாரத்தை இன்னும் சுமந்துகொண்டுதான் திரிகிறேன். வெங்காய மூட்டையைவிடக் கனம். ஆனாலும் இறக்கி வைக்க மனம் வரவில்லை. நீங்கள் என்னைப் பற்றிச் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது.

சனத்திடம் அதை நான் திருத்தப் போவதில்லை. உங்களிடம் மட்டும் சொல்லிவிடுகிறேன். டென்மார்க் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. நீங்கள் சோறு தின்ன வேண்டும் என்று, வாயில் வந்ததைச் சொன்னேன். அது பகிடிதான் அண்ணை. சரியாய்ப் போனது என் பிழையில்லை.