பத்து நாளாக அதே பக்கம்

ஆகஸ்ட் 12, செவ்வாய்

தாம்பரம் ஸ்டேஷனில் ஜெனிஃபர் கேட்டதை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

அரசு வேலைத் தேர்வுக்காக நாங்கள் இருவரும் செய்துகொண்ட ஏற்பாடு இதுதான். தினமும் காலை ஐந்து மணிக்கு எழுந்து, திறந்த புத்தகத்தைப் படமெடுத்து ஒருவருக்கொருவர் அனுப்ப வேண்டும். அவள் அனுப்பிவிட்டுப் படிக்கிறாள். நான் அனுப்பிவிட்டுத் தூங்குகிறேன்.

மாலை கோச்சிங் முடிந்து, கூடுவாஞ்சேரி போகும் அவளுடைய ரயிலுக்காக நின்றிருந்தோம். போனை என் முன் நீட்டினாள்.

"பத்து நாளா அதே பக்கம்தான்டி வருது. அப்படி என்னதான் இருக்கு அதுல? எனக்கும் சொல்லேன்."

சிரிக்கப் பார்த்தேன். வரவில்லை.

"உன் போட்டோ வந்தாதான் நான் முகமே கழுவுவேன், லூசு. நாளைலேர்ந்து போட்டோ வேணாம். அஞ்சு மணிக்கு கால் பண்றேன். நீ வாய்விட்டுப் படி, நான் கேக்குறேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சரி என்றேன். ரயில் வந்தது, ஏறிவிட்டாள்.

வீட்டுக்கு வந்தால், பக்கத்து வீட்டு அக்காவிடம் அம்மா, "எம்பொண்ணு அஞ்சு மணிக்கே லைட்டப் போட்டு உக்காந்துடுவா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பூக்கடைக்குக் கிளம்பும்போது விளக்கு எரிவதைத்தான் அவள் பார்க்கிறாள். அவள் போனதும் நான் அணைத்துவிடுவேன்.

அலாரம் வைத்துவிட்டேன். தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லலாமா என்று மனம் இப்போதே சாக்கு தேடுகிறது. சொன்னால் ஜெனிஃபர் சண்டை போட மாட்டாள். சரிடி என்று போனை வைத்துவிட்டுத் தனியாகப் படிப்பாள். அப்புறம் ஒருநாளும் கூப்பிட மாட்டாள்.