ரிஸிக்கியின் கபர் எது

பிரியமுள்ள மகன் மகாமேவுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால் எனக்கும் உன் வாப்பாவுக்கும் உடம்பில் ஒரு குறையும் இல்லை, குறையெல்லாம் மனசில்தான், அதைக் கொட்டத்தான் உட்கார்ந்திருக்கிறேன். உகாண்டாவில் குளிர் எப்படி, குழாய் பற்றவைக்கும்போது கண்ணாடி போடுகிறாயா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா. போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனை எடுத்தால் உன் வாப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு நான் ஒரு வார்த்தை பேசுவதற்குள் ஒன்பது வார்த்தை திருத்துகிறார். அதனால் இங்கிருந்து அங்கே குழாய் ஏற்றி வரும் லாரிக்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நீ அங்கே பற்றவைக்கிற எண்ணெய்க் குழாய் இங்கே நம் கரையில்தான் வந்து முடிகிறது. அதை நினைத்துப் பெருமைப்பட்டதெல்லாம் போதும் என்று ஆகிவிட்டது எனக்கு. முதலில் கம்பெனிக்காரர்கள் மேட்டில் நாலு எண்ணெய்த் தொட்டியும் கடலுக்குள் ஒரு கப்பல் துறையும் போதும் என்றார்கள். இப்போது எண்ணெய் நினைத்ததைவிட அதிகமாக வருமாம், அதை ஏற்றிப்போகப் பெரிய பெரிய கப்பலாக வருமாம், இன்னும் தொட்டி வேண்டும், இன்னொரு துறை வேண்டும் என்று வேலியைத் தள்ளித் தள்ளி நம் மையவாடியையே உள்ளே போட்டுக்கொண்டார்கள். கபர்களை மரியாதையாக எடுத்துப் புது இடத்தில் அடக்கித் தருவார்களாம், இமாமும் சரி என்று சொல்லிவிட்டார். ஆனால் அவரவர் கபரை அவரவர்தான் காட்ட வேண்டும். நம் ஊரில் யாரப்பா கபரில் பேர் எழுதினார்கள்? தலைமாட்டில் ஒரு கல், கால்மாட்டில் ஒரு கல், அவ்வளவுதானே.

போன வாரம் மஞ்சள் தொப்பி போட்ட நீமா என்கிற பெண் வந்தாள், கம்பெனிக்காரி, நல்ல பிள்ளை. உன் வாப்பா புதுக் குல்லா போட்டுக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி முன்னால் நடந்தார், நான் பின்னால் போனேன். பாதையோரம் வேப்பமரத்தடியில் இருக்கிற கபரைக் காட்டி, "இதுதாம்மா எங்க மக" என்றார். உன் தங்கச்சி ரிஸிக்கி மௌத்தான நாளிலிருந்து எனக்குக் காட்டிய இடம் அதுதானே. உடனே, இத்தனை வருஷம் அந்தப் பக்கமே எட்டிப்பார்க்காத பக்கத்து வீட்டு ஸைதி பாய்ந்து வந்தார், "யோவ், இது எங்க கோம்போ மாமா கபருய்யா! நானே தோண்டினேன், தலைமாட்டுக் கல்லுகூட நான் வச்சதுதான்" என்று. உன் வாப்பா குல்லாவைச் சரிசெய்கிறார், கடலைப் பார்க்கிறார், கடைசியில் "வெயில் ஜாஸ்தியா இருக்கு, வா போகலாம்" என்கிறார். கேட்டாயா!

வீட்டுக்கு வந்து நான் போட்ட சத்தத்தில்தான் உண்மை வெளியே வந்தது. அடக்கின அன்றைக்கு விடிய விடிய மழையாம், மறுநாள் போய்ப் பார்த்தால் மேடெல்லாம் கரைந்து எது எதென்றே தெரியவில்லையாம். "நீ சோறு தண்ணியில்லாம சுருண்டு கிடந்தே, எதையாவது காட்டினாத்தான் எந்திரிப்பேன்னு கைக்கு வந்ததைக் காட்டினேன்" என்கிறார். நான் அழுவதா சிரிப்பதா சொல். தென்னையில் ஏறின பிள்ளைகளைத் துரத்தித் துரத்தி அடிப்பாரே, சாகிறவரைக்கும் என்னை வெளியூர்க்காரி என்றே கூப்பிட்டாரே, அந்தக் கோம்போவுக்கு இத்தனை வருஷமாக வெள்ளிக்கிழமை தவறாமல் தண்ணீர் ஊற்றி யாசீன் ஓதியிருக்கிறேன், மல்லிகைக்கொடி வேறு. அவர் பெண்டாட்டிகூட அவருக்கு இவ்வளவு செய்திருக்க மாட்டாள். கிணற்றடியில் ஸைதி மனைவி, "எங்க மாமாவை நல்லாப் பார்த்துக்கிட்டீங்கக்கா, நீங்க ஊத்தின தண்ணியிலதான் அவரு கரையேறியிருப்பாரு" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். எனக்கு அவள் குடத்தைப் போட்டு உடைக்கலாம் போல இருந்தது.

இதோடு நின்றதா? உன் வாப்பா இப்போது தினம் ஒரு கபரைக் காட்டுகிறார். நேற்று கடல் பக்கம், இன்றைக்கு மதில் பக்கம். நீமா பொறுமையாகச் சொன்னாள், "நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா, பெருநாளோட இந்த வேலை முடிஞ்சிடும், அடையாளம் தெரியாததையெல்லாம் பேர் தெரியாதவங்கன்னு ஒரே வரிசையா வச்சிடுவோம்" என்று. என் பிள்ளைக்குப் பேர் இல்லையா? நான்தானே வைத்தேன்.

அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். அடக்கும் நேரத்தில் பொம்பளைகளை நம் ஊரில் மையவாடி வாசலோடு நிறுத்திவிடுவார்கள், நான் அன்றைக்கு வாசலைத் தாண்டவில்லை. ஆனால் உன்னை உன் வாப்பா கையைப் பிடித்துக் கூட்டிப்போனார், ஏழு வயசு உனக்கு. கொஞ்சம் கண்ணை மூடி யோசித்துப் பார். மண் போடும்போது நீ எங்கே நின்றாய், கடல் தெரிந்ததா, பக்கத்தில் மரம் இருந்ததா, வெயில் முகத்தில் அடித்ததா முதுகிலா. எது ஞாபகம் வந்தாலும் சொல், அசட்டுத்தனமாக இருந்தாலும் பரவாயில்லை. ஸைதி மனைவியின் போனுக்குக் கூப்பிடு, உன் வாப்பா போனுக்கு வேண்டாம், அவர் உனக்கும் பாடம் சொல்லிக்கொடுத்துவிடுவார்.

காய்ந்த பேய்க்கணவாய் கொஞ்சம் கட்டி அனுப்பியிருக்கிறேன், தேங்காய்ப்பால் விட்டு வேகவைத்துச் சாப்பிடு, கூட இருப்பவர்களுக்கும் கொடு. அல்லாஹ் உன் கண்ணையும் கையையும் காத்துத் தரட்டும், போகிற இடமெல்லாம் உனக்கு நல்லவர்கள் துணை கிடைக்கட்டும். ஒன்றே ஒன்று, என்னைச் சமாதானப்படுத்த என்று எதையும் இட்டுக்கட்டாதே, இந்த வீட்டில் அதைச் செய்ய ஒரு ஆள் போதும். ஞாபகம் இல்லையென்றால் இல்லை என்றே சொல்லிவிடு. அந்தப் பேர் தெரியாத வரிசையில் தலைமாடு தலைமாடாகப் போய், ஒவ்வொன்றையும் ரிஸிக்கி என்று கூப்பிட்டு நான் தண்ணீர் ஊற்றிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உனக்கும் ரிஸிக்கிக்கும் உம்மா