என் மனுவுக்கு நானே எழுதிய மறுமொழி

சிவமயம்

மீசாலை,
14.10.1984

அன்புள்ள மகள் அருந்ததிக்கு,

பிள்ளையார் துணையால் நானும் அம்மாவும் சுகம். அந்தக் குளிர் நாட்டில் நீயும் மருமகனும் சுகமாயிருக்க நாளும் வேண்டுகிறோம்.

வழக்கு என்ன ஆனது என்று கேட்டிருந்தாய். வென்றுவிட்டேன், ஆனால் வெளியில் பெருமையாகச் சொல்ல முடியாத மாதிரி வென்றேன். சித்திரையில் கொழும்பு வியாபாரி முன்னால் முதலாளி இராசநாயகத்தின் பேச்சை நான் திருத்தப் போக, "உமக்கு வாய் கூடிப்போச்சு, நாளைக்கு வரத் தேவையில்லை" என்று அவர் எண்ணெய் ஆலையிலிருந்து நிறுத்தினார் அல்லவா, இருபத்திரண்டு வருடக் கிளாக்கர் வேலை ஒரு துண்டுக் கடிதமும் இல்லாமல் போனது. வாயால் நிறுத்தினாலும் தொழில் நியாயசபையில் வேலையைத் திரும்பக் கேட்கலாம், ஆனால் நானாகத்தான் விட்டுப் போனேன் என்று முதலாளி சாதித்தால் கஷ்டம் என்று தொழிற்சங்கத்துச் செல்வநாயகம் சொன்னார். மனுவை நானே எழுதினேன். ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுக்கிற கை, நாலு பக்கத்துக்குக் குறையுமா.

ஆடியில் ஒருநாள் இராசநாயகம் சைக்கிளில் வந்து இறங்கினார், கையில் நியாயசபை அறிவித்தல். காசு கொடுத்து வழக்குப் பேச அப்புக்காத்து வைக்க மனம் வராத மனுஷன், கடிதம் என்றால் என்னிடம் நீட்டித்தான் பழக்கம். "பஞ்சலிங்கம், உதுக்கு ஒரு மறுமொழி எழுதித் தாரும்" என்றார். மானமுள்ளவன் படலை வாசலோடு திருப்பி அனுப்பியிருப்பான். நான் தேத்தண்ணீர் வைக்கச் சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்தேன். நானாகவே வேலையை விட்டுப் போனேனாம், பச்சைப் பொய். ஆனால் அவர் அதைச் சொன்ன அலங்கோலம் எனக்குப் பொறுக்கவில்லை, திருத்தித் திருத்தி எழுதினேன். முடித்து வாசித்தபோது, இப்படியும் ஒரு நன்றிகெட்ட கிளாக்கரா என்று எனக்கே என்மேல் கோபம் வந்தது. "உங்களைப்போல ஒரு விசர் மனுசன் உலகத்திலை இல்லை" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அன்றைக்கு அவள் சொன்னதில் பிழையில்லை.

போன வெள்ளிக்கிழமை விசாரணை. நியாயசபைத் தலைவர் மனுவையும் மறுமொழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒரே கையெழுத்து. மறுமொழி எழுதியது யார் என்று முதலாளியைக் கேட்டார். அவர் யோசிக்கவே இல்லை, "வேறை ஆர் எழுதுறது, எங்கடை கிளாக்கர் பஞ்சலிங்கம்தான்" என்றார். சித்திரையில் விட்டுப் போனவர் ஆடியில் எப்படி உங்கள் கிளாக்கர் ஆனார் என்று தலைவர் கேட்டதும் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். வேலையைத் திரும்பக் கொடுக்கும்படி கட்டளை ஆனது.

ஆகவே, வழக்கை விட்டுவிட்டு அங்கே வரச் சொல்லி எழுதியிருந்தாயே, இப்போதைக்கு வேண்டாம் பிள்ளை. நீயும் வேலையிடத்தில் எதையும் கடிதமாக வாங்கிக்கொள், வாயை அடக்கு, அந்த வாய் என்னிடமிருந்து வந்தது. காதை மூடாமல் பனியில் போகாதே. நல்லூர்க் கந்தனின் அருள் உங்கள் இருவருக்கும் குறைவில்லாமல் கிடைக்கட்டும்.

அம்மாவிடம் சொல்லாத ஒன்றை உனக்குச் சொல்கிறேன். எல்லாரும் சிரிக்கும்போது நான் சால்வையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றேன். இருபத்திரண்டு வருடத்தில் அந்த மனுஷன் ஒருநாளும் என்னை 'எங்கடை' என்று சொன்னதில்லை. மனுவில் வேலை வேண்டும் என்றுதான் நாலு பக்கம் எழுதியிருந்தேன். உள்ளுக்குள் நான் கேட்டது அந்தச் சொல்லைத்தான் என்பது எனக்கே அங்கேதான் தெரிந்தது.

இப்படிக்கு,
உன் அப்பா
வே. பஞ்சலிங்கம்