பழுது என்று நான் சொன்ன வைன்

பேசாலை,
செவ்வாய் பின்னேரம்.

எமில் அண்ணாவுக்கு,

அம்மாவின் சீனி வருத்தம் கட்டுப்பாட்டில் இருக்கிறது. நலச் செய்தி அவ்வளவுதான். நீங்கள் போனை எடுப்பதில்லை. அதனால் வியாழக்கிழமை பிரான்சுக்குத் திரும்பும் அன்ரோனெற் அக்காவிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

அவர் கொண்டுவந்த போத்தலை அம்மா மேசையில் வைத்தார். ஜூராவில் நீங்கள் வேலை செய்யும் தோட்டத்து வெள்ளை வைன், பழம் ஆய்ந்தது முதல் பீப்பாய் பார்த்தது வரை நீங்கள்தான் என்று அக்கா சொன்னார். நீங்கள் குருமடத்தை விட்டு வந்த இந்த ஏழு வருசமும் அப்பா உங்கள் பெயரைச் சொன்னதில்லை. மூத்தவனைக் குருவாக்குவதாக மடு மாதாவுக்கு நேர்ந்துவிட்டு வாக்குத் தவறியவன் தான்தான் என்று நினைக்கிறார்.

மறுநாள் போத்தலைக் காணவில்லை. அப்பா அதைப் பங்குச் சுவாமியிடம் கொண்டுபோய், திருவிழாப் பூசைக்குப் பாவிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். “அவன் பீடத்துக்கு வரேல்ல. அவன்ர கையால செய்ததாவது வரட்டும், பாதர்” என்றாராம்.

பாதருக்குச் சம்மதம். ஆனால் பூசை வைனில் கலப்படமோ பழுதோ இருக்கக் கூடாது, அது திருச்சபைச் சட்டம். போன வியாழன் என்னைக் கூப்பிட்டு, “தம்பி நண்டுக் கம்பனி லாப்பிலதானே. ஒரு மிடறு குடிச்சுப் பாத்துச் சொல்லும்” என்று அப்பாவுக்கு முன்னாலேயே ஊற்றித் தந்தார்.

என் வேலை, பரிசோதனை அறையில் நண்டுப் பெட்டியைத் திறந்து மணந்து பார்த்து, சரியில்லாததைத் திருப்பி அனுப்புவது. வைன் பொன்நிறமாக இருந்தது. கச்சான் கடலை வறுத்த மணம், வெட்டி வைத்துக் கறுத்துப்போன அப்பிள் மணம். வாயில் கூரான புளிப்பு, கடைசியில் உப்புக் கரித்தது. பழ வாசம் துளியும் இல்லை. காற்றுப் பட்டுவிட்டது என்று முடிவெடுத்தேன். “இது பழுது, பாதர்” என்றேன். உங்களுக்கும் அப்படியே மெசேஜ் போட்டேன். அதற்குப் பிறகுதான் நீங்கள் போனை எடுக்காமல் விட்டது.

அப்பா எழும்பினார். “மாதா ஏற்கேல்ல” என்றார். ஐந்து நாளாகக் கடலுக்குப் போகவில்லை. “சோத்தைத் தின்னுங்கோ, பிறகு மாதாவோட கோவியுங்கோ” என்று அம்மா கத்துகிறார். அப்பா சோற்றைத் தொடுவதில்லை.

பிறகுதான் தேடி வாசித்தேன். முதலிலேயே வாசித்திருக்க வேண்டும். உங்கள் பக்கம் பீப்பாயை முழுக்க நிரப்பாமல், வைனின் மேலே ஈஸ்ட் பாலாடைபோலப் படர விடுவார்களாம். அந்த மணம் வேண்டுமென்றே வரவைப்பது. பிழை என்னில்தான். அப்பாவிடம் போய்ச் சொன்னேன், பாதரும் சொன்னார். “கொண்ணனுக்காகப் பொய் சொல்லுறாய். அதுக்குப் பாதரையும் சேத்துப் போட்டாய்” என்கிறார்.

மிச்சம் பாதரின் பிரிஜ்ஜில் இருக்கிறது. திறந்தாலும் சில கிழமை தாங்கும் என்று வாசித்தேன், சரியா? திருவிழாவுக்கு இன்னும் பன்னிரண்டு நாள்.

இதை நீங்கள் சொன்னால்தான் அவர் நம்புவார். வீட்டுப் போனுக்கு அழைப்பு எடுங்கோ. அப்பா வெட்டினால் திரும்ப எடுங்கோ. மன்னிப்புக் கேட்டு நேரத்தை வீணாக்காமல் எந்தப் பீப்பாய், எத்தனை வருசம், ஏன் நிரப்பவில்லை என்று சொல்லுங்கோ. ஏழு வருசத்தில் உங்களைப் பற்றி அவர் ஒரே ஒரு தரம் வாய் திறந்தார், அதை நான் ஒரு மிடறில் மூடிவிட்டேன்.

மாதா உங்களோடும் அப்பாவோடும் இருக்கட்டும். ஆனால் மாதா பேசமாட்டார், அண்ணா. நீங்கள்தான் பேச வேண்டும்.

உங்கள் தம்பி,
றொசாந்தன்